படிவத்துக்கு என் வேலை போனது தெரியாது

மகளின் கல்லூரிச் செலவுக்காக ‘ஃபாஃப்சா’ படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அமெரிக்காவில் மத்திய அரசின் கல்வி உதவி பெரும்பாலும் அந்தப் படிவத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். முதல் மாலை கணக்குத் தொடங்குவதிலேயே போயிற்று. மகளுக்கும் எனக்கும் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. மாணவருக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்கு வேறு கணக்கு. நானும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்கிறவர்கள் என்பதால் அவளுக்குத் தனிக் கணக்கு தேவைப்படவில்லை. தப்பித்தாள்.

சொத்து விவரத்தில் என் ஓய்வுக்காலச் சேமிப்பையும் சேர்த்து எழுதியிருந்தேன். அதையும் குடியிருக்கும் வீட்டையும் காட்டவே வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பைப் பொறுமையாகப் படித்த மகள்தான் அதைப் பிடித்தாள்.

உண்மையான சிக்கல் வேறு. 2025-26 கல்வியாண்டுக்கான படிவம் 2023ஆம் ஆண்டின் வருமானத்தைப் பார்க்கிறது. நாம் சம்மதம் கொடுத்ததும் வரித்துறையிடமிருந்து அந்தத் தொகை தானாக வந்துவிடுகிறது. 2023இல் எனக்கு நல்ல சம்பளம். 2024 செப்டம்பரில் வேலை போய்விட்டது. அதைச் சொல்லப் படிவம் முழுக்கத் தேடினேன்; ஒரு கட்டம்கூட இல்லை.

மார்ச்சில் கல்லூரியின் கடிதம் வந்தது. ‘நிதி உதவி’ என்ற தலைப்பின் கீழே 5,500 டாலர். பார்த்தவுடன் மகிழ்ந்தேன். முழுவதும் கடன், 3,500 டாலருக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும், மீதி 2,000 டாலருக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

“கடனைப் போய் உதவி என்கிறார்களே அப்பா?” என்றாள் மகள். என்னிடம் பதில் இல்லை.

கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். குடும்பச் சூழல் மாறியிருந்தால் ஆதாரத்தோடு முறையிடலாம், வருமானத்தைத் திருத்திக் கணக்கிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றார் அங்கிருந்த பெண்மணி. இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

முதலில் இரண்டு பக்கத்துக்கு உருக்கமாக எழுதினேன். மனைவி படித்துவிட்டு, “இதில் தேதி எங்கே, தொகை எங்கே?” என்று கேட்டாள். கிழித்துவிட்டு அரைப் பக்கத்தில் எழுதினேன்: வேலை போன நாள், கடைசிச் சம்பளம், இந்த ஆண்டு எதிர்பார்க்கும் வருமானம். பணிநீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வேலையிழப்பு உதவித்தொகைக்கான சான்றையும் இணைத்தேன். ஐந்து வாரம் கழித்துத் திருத்திய கடிதம் வந்தது. கடன் அப்படியே இருந்தது. திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமாக 4,200 டாலர் சேர்ந்திருந்தது. மீதிக்கு இன்னும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தப் படிவத்தை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டுமாம். இரண்டு கடவுச்சொற்களையும் மகள் எழுதி வைத்திருக்கிறாள், என்னை நம்பாமல்.