ஏழு கிலோவுக்குள் இரண்டு முதுகுப்பைகள்: வியட்நாம் பயண ஆயத்தம், மூன்றாம் மாதம்

நேற்று இரவு என் முதுகுப்பையின் எடை முதன்முறையாக 6.71 கிலோவில் வந்து நின்றது. முதல் முறை நிறுத்துப் பார்த்தபோது அது 9.4 கிலோவாக இருந்தது என்பதால், இந்த எண்ணைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி, பயணச்சீட்டு எடுத்த நாளில் அடைந்த மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. உடன் வரும் நண்பரின் பை இன்னும் 7.3 கிலோவில் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயணம் ஜனவரியில். ஹனோயில் இறங்கி, தெற்கு நோக்கித் தரைவழியாகவே சென்று, ஹோ சி மின் நகரத்திலிருந்து திரும்புவதாகத் திட்டம். செலவைக் கட்டுக்குள் வைப்பதற்காகப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டுவதில்லை, கையோடு எடுத்துச் செல்லும் பை மட்டுமே போதும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் அந்தப் பைக்கான வரம்பு 7 கிலோ. தோளில் தொங்கும் சிறு பையையும் சேர்த்தே பல விமான நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. வெயில் மட்டுமே உள்ள நாடாக இருந்தால் இது எளிய வேலை. ஜனவரியில் தெற்கே வெயில் காயும்போது, ஹனோய் குளிர்ந்திருக்கும். வடக்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூரான சாபாவில் கம்பளிச் சட்டையின்றி வெளியே நிற்க முடியாது. ஒரே பைக்குள் இரண்டு பருவங்களை அடக்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான சிக்கல்.

ஜீன்ஸை விட்டது, இரண்டாவது காலணியை விட்டது, மடிக்கணினி வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டது ஆகியவை அனைவரும் செய்வன; அவற்றை விவரிக்கத் தேவையில்லை. நான் மூன்று வாரம் போராடியது எடை போடும் கருவியோடு.

ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் தனித்தனியாக நிறுத்து, கிராம் கணக்கில் அட்டவணையில் எழுதியிருந்தேன். கூட்டுத்தொகை 6,870 கிராம். அதே பையைக் கையில் பிடித்துத் தூக்கும் கொக்கித் தராசில் மாட்டினால் 7.15 காட்டியது, மறுமுறை 7.08, அடுத்த முறை 7.21. கை ஆடுவதால்தான் எண் மாறுகிறது என்று புரிந்துகொண்டு, கதவுச் சட்டத்தில் குறுக்குக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து தராசைத் தொங்கவிட்டு, பையின் மேற்கைப்பிடியில் கொக்கியை மாட்டி, ஆட்டம் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தேன். இப்போது ஐந்து முறை நிறுத்தாலும் 7.15 என்றே வந்தது. எண் நிலைத்துவிட்டது, ஆனால் அட்டவணையோடு பொருந்தவில்லை. 280 கிராம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைக்காமல் இரண்டு இரவுகள் பையைக் கொட்டிக் கொட்டி அடுக்கினேன்.

கடைசியில் தண்ணீர்தான் வழிகாட்டியது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ என்பது அறிந்ததே. அளவுக் குவளையில் அளந்து ஆறு புட்டிகளை ஒரு லிட்டர் வீதம் நிரப்பி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்தபோது, புட்டியின் எடையும் சேர்ந்து 1,024 கிராம் வந்தது. ஆகவே அந்தத் தராசை நம்பலாம் என்பது உறுதியாயிற்று. ஆறையும் ஒரு துணிப்பையில் இட்டேன். துணிப்பையின் எடை 46 கிராம், மொத்தம் 6,190. கொக்கித் தராசு அதை 6.38 என்று காட்டியது. அதாவது அது ஏறத்தாழ 3 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது. அந்தக் கணக்கின்படி என் பையின் மெய்யான எடை 6.94 கிலோவாக இருக்க வேண்டும். எஞ்சிய 70 கிராம், பையின் அடியில் உள்ள இரகசியப் பையறைக்குள் சுருண்டிருந்த மழை உறை. பையோடு சேர்ந்தே வந்ததால் அது ஒரு தனிப்பொருள் என்பதே என் நினைவில் இல்லை. பையைத் தனியே நிறுத்தபோது உறையைக் காய வைத்திருந்தேன் போலும்.

இந்த நுணுக்கத்தை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொக்கித் தராசை மட்டும் நம்பியிருந்தால், வரம்புக்குள் இருந்த பையை வரம்பு மீறியதாக எண்ணி, சாபாவுக்கு இன்றியமையாத உள்சட்டையை எடுத்துப் போட்டிருப்பேன். தராசு குறைத்துக் காட்டும் வகையாக இருந்திருந்தால் இன்னும் மோசம். விமான நிலையத்தில் கூடுதல் கட்டணம் கட்டி, சேமித்த பணம் முழுவதையும் இழந்திருப்போம். நிலையத்திலுள்ள தராசும் நம்முடையதோடு ஒத்துப்போகும் என்ற உறுதியில்லை என்பதால், எங்கள் இலக்கை 7 அல்ல, 6.8 என்று வைத்துக்கொண்டோம். 350 கிராம் எடையுள்ள பருத்தித் துண்டுக்குப் பதிலாக 120 கிராம் எடையுள்ள மென்னிழைத் துண்டை வைத்ததும் நேற்று 6.71 கைகூடியது.

இணையத்தில் வாங்கும் பொருள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கை விரிப்புக்குள் நுழைந்து உறங்கும் பட்டு உறை ஒன்றை வரவழைத்தேன்; விற்பனையாளர் குறித்திருந்த எடை 120 கிராம், என் தராசில் 178. அதை மடித்து வைக்கும் சிறு பையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பையின் எடை 15 கிராம்தான். எடை குறைவானது என்று விளம்பரப்படுத்தும் பொருளின் எடையையாவது சரியாக எழுத வேண்டாமா? அதேபோல் 40 லிட்டர் என்று விற்கப்படும் பைகளுள் பல, விமானக் கைப்பைக்கான 55 சென்டிமீட்டர் உயர வரம்பைத் தாண்டுகின்றன. கொள்ளளவைப் பார்க்காமல் நாடாவால் உயரத்தை அளந்து வாங்குவதே நல்லது.

இருவராகச் செல்வதில் உள்ள பெரிய நன்மை, பொதுப் பொருள்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது. மருந்துப் பெட்டி, பல துளைகள் கொண்ட மின்னேற்றி, பூட்டு, துணி உலர்த்தும் கயிறு, கையடக்க மின்கலம் ஆகியவை ஒவ்வொன்றே போதும். மின்கலம் 20,000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி, ஆகவே விமானங்களில் 100 வாட் மணி என்ற பொது வரம்புக்குள் அடங்கும். இதை எப்போதும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதால், வேறு பெட்டி இல்லாத எங்களுக்கு அதில் சிரமமில்லை. சோப்பும் தலைக்குத் தேய்ப்பதும் கட்டியாகவே இருப்பதால் 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாட்டைப் பற்றிய கவலையும் பாதி தீர்ந்தது. கடவுச்சீட்டின் நகலை மட்டும் பகிரவில்லை. என்னுடையது அவரிடமும் அவருடையது என்னிடமும் இருக்கும்.

இனி நண்பரின் பை. காலிப்பையே 1,780 கிராம், என்னுடையது 1,240. வேறு பை வாங்கலாம் என்றபோது, "இந்தப் பை என் முதுகுக்குப் பழகிவிட்டது. குறைக்க வேண்டுமானால் உள்ளே இருப்பதைக் குறை, பையை விட்டுவிடு" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடுப்பெலும்பின் மேல் பட்டை சரியாக அமர்ந்து, சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கும் பை எளிதில் அமைவதில்லை. ஆனால் அந்தக் கனமான சட்டகம் பதினைந்து கிலோ சுமப்பதற்காக அமைக்கப்பட்டது. ஏழு கிலோவுக்கு அவ்வளவு தேவையில்லை. எனவே பையை மாற்றாமல், கழற்றக்கூடிய மேல்மூடியையும் முதுகுப்புற அலுமினியப் பட்டைகளையும் எடுத்துவிட்டு நடந்து பார்ப்பது என்று உடன்பட்டோம். மூடி 190 கிராம், பட்டைகள் 160 கிராம். மூடியை எடுத்தால் உயரமும் வரம்புக்குள் வந்துவிடும்.

இதற்கிடையில் ரயில் பற்றிய ஆசை வேறு மனத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையே 1,726 கிலோமீட்டர் இருப்புப்பாதை. ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் பயணம் செய்தால் ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிச்சம் என்பதால் நடு வியட்நாமில் உள்ள ஹுவே வரை படுக்கை வசதியில் செல்வோம்; நால்வர் அறையைவிட அறுவர் அறை மலிவு. ஆனால் ஹுவேயிலிருந்து தா நாங் வரையிலான பகுதியைப் பகலில்தான் கடப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஹாய் வான் கணவாயை ஒட்டிக் கடலோரமாகச் செல்லும் அந்தப் பாதையை இருட்டில் கடப்பது பெரும் இழப்பு. வியட்நாமியரின் தெத் புத்தாண்டு நெருங்கினால் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால், ஜனவரி முதல் பாதியிலேயே தெற்கே சென்றுவிட வேண்டும். மின்னணு விசா விண்ணப்பத்தில் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் கேட்கப்படுவதால், வழித்தடம் உறுதியான பிறகே அதில் கைவைப்பதாக இருக்கிறோம்.

மூடியும் பட்டைகளும் போனால் நண்பரின் பை 6.95 ஆகும். இலக்கை எட்ட இன்னும் 150 கிராம் குறைய வேண்டும். என் பையில் 90 கிராமுக்கு இடம் இருக்கிறது. அவர் பையிலுள்ள பூட்டையும் கயிற்றையும் என் பைக்கு மாற்றிக்கொண்டால் அது நிரம்பிவிடும். மீதி 60 கிராமுக்கு அவருடைய ஒளிப்படக் கருவியின் தோல் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை; சனிக்கிழமை மீண்டும் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு நிறுக்கும்போது சொல்ல வேண்டும்.