கோடு கிழித்துப் படித்த ஆங்கிலம்

எட்டாம் வகுப்பில் எங்கள் ஆங்கில ரீச்சர் எதிர்மறை முன்னொட்டுச் சொற்களை, அதாவது 'அன்', 'இன்', 'டிஸ்' போன்றவை முன்னால் ஒட்டிப் பொருளை மாற்றும் சொற்களை, பட்டியலாகப் பாடமாக்க விட்டதேயில்லை. கொப்பியில் சொல்லை எழுதி, முன்னொட்டு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு இரு பக்கமும் ஓர் எழுத்தேனும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எழுத்துப்பிழையில் பாதி அந்தக் கோட்டிலேயே தீர்ந்துவிடும். 'டிஸ்அப்பியர்' என்பதில் முன்னொட்டு எஸ்ஸோடு முடிகிறது; 'அப்பியர்' ஏ-யில் தொடங்குகிறது. ஆகவே எஸ் ஒன்றுதான். இரட்டை பி, 'அப்பியர்' தன்னோடு கொண்டுவந்தது. 'டிஸ்அப்பொயின்ற்'டும் அப்படியே. 'சற்றிஸ்ஃபைட்' எஸ்ஸில் தொடங்குவதால் 'டிஸ்சற்றிஸ்ஃபைட்'டுக்கு எஸ் இரண்டு. 'அன்நெசசரி'க்கு என் இரண்டு. 'மிஸ்ஸ்பெல்' என்ற சொல்லையே பலர் ஒற்றை எஸ்ஸோடு எழுதுவார்கள். வாய் ஒன்றாகச் சொல்வதைக் காது நம்பிவிடுகிறது.

'இன்' வரும்போதுதான் தமிழ் இலக்கணம் கைகொடுத்தது. 'மரம்', 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்'. மகரம் ககரத்துக்கு இனமான ஙகரமாகிறது. அதேபோல 'பொசிபிள்' உதட்டில் பிறக்கும் ஒலியில் தொடங்குவதால் 'இன்' அங்கே 'இம்' ஆகிறது. 'லீகல்' முன் 'இல்', 'ரெகுலர்' முன் 'இர்'. 'இல்லீகல்' என்பதில் எல் இரண்டு வருவது இதனால்தான். 'அன்' மட்டும் எதற்கும் அசையாது: 'அன்பொப்புலர்', 'அன்ரிலயபிள்'. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. 'இன்' திரிவது லத்தீன் வழக்கு.

எதற்கு எது சேரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். 'அன்ஏபிள்' என்பதன் பெயர்ச்சொல் 'இன்எபிலிற்றி'. 'அன்ஸ்ரேபிள்' 'இன்ஸ்ரபிலிற்றி' ஆகும். 'அன்ஜஸ்ற்' 'இன்ஜஸ்ரிஸ்' ஆகும். ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுமாறுவதைக் காண்கிறோம். இரண்டையும் சோடியாகவே சொல்லிக்கொடுங்கள்.

பொருள் வேறுபாட்டுக்கு ரீச்சர் காட்டிய மூன்று சொற்கள் அருமையானவை. ஒட்டப்படாத புது முத்திரை 'அன்யூஸ்ட்'. ஒருகாலத்தில் நீர் அள்ளி, பிறகு கைவிடப்பட்ட கிணறு 'டிஸ்யூஸ்ட்'. ஊர்ப் பணத்தை வேறு காரியத்துக்குச் செலவழித்தால் 'மிஸ்யூஸ்ட்'. 'டிஸ்' விலக்கும், பிரிக்கும். இத்தகைய சொற்களில் 'அன்' இல்லை என்று மட்டும் சொல்லும். நீதிபதி 'டிஸ்இன்ரறெஸ்ரட்' ஆக இருக்கவேண்டும், அதாவது வழக்கில் தனக்கென்று ஒரு நலன் இல்லாதவராக. 'அன்இன்ரறெஸ்ரட்' ஆக, அக்கறையில்லாதவராக, இருந்தால் வழக்காடியவர் கதி அவ்வளவுதான். இன்று பலர் இரண்டையும் கலந்து எழுதினாலும் இந்த வேறுபாட்டை விடாமல் காப்பாற்ற வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான சொல் 'இன்ஃப்ளமபிள்'. தீப்பற்றாதது என்று எண்ணிவிடாதீர்கள்; எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள் அது. இந்த 'இன்' மறுப்பதல்ல, 'உள்ளே' எனும் லத்தீன் 'இன்'. குழப்பம் வேண்டாம் என்றுதான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளமபிள்' என்று எழுதுகிறார்கள். பற்றாத பொருளுக்கு 'நொன்-ஃப்ளமபிள்'. 'இன்வலுவபிள்' என்றாலும் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது.

கோடு கிழிக்கக் கூடாத சொற்களும் உண்டு. 'அங்கிள்', 'டிஸ்க்' இரண்டிலும் முன்னொட்டே இல்லை. ஆனால் மீதி தனிச்சொல்லாக நிற்கவில்லை என்பதற்காக முன்னொட்டு இல்லையென்று முடிவுகட்டவும் முடியாது. தலை கலைந்த என்று பொருள்படும் 'டிஷெவல்ட்' என்பதில் முன்னொட்டு இருக்கிறது. எஞ்சிய பகுதி பழைய பிரெஞ்சில் தலைமயிர். அப்படியான சொல்லுக்கு அகராதியில் பிறப்பைப் பார்த்த பிறகே பென்சிலை எடுக்கவேண்டும்.