காரமா, சூடா?

தட்டுவடை செட்டைக் கடிச்சதும் மகளுக்குக் கண்ணுல தண்ணி.

மூணு மாசமா ஸ்பானிஷ் படிக்கிறா. மூக்கை உறிஞ்சிக்கிட்டே "எஸ்தா காலியெந்தே"ன்னா. மனசுல ஓடினது, சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல்லா இருக்கிற ஆங்கில 'ஹாட்'.

ரெண்டு தட்டைக்கு நடுவுல பீட்ரூட், கேரட் துருவல், பச்சையும் சிவப்புமா சட்னி. தொட்டா சில்லுனு இருக்கு. இதுல சூடு எங்கே?

தொட்டாச் சுடுறதுதான் காலியெந்தே. நாக்கு எரிஞ்சா பிகாந்தே. சேலத்து மே மாச மதியத்துக்கு கலுரோசோ.

"தமிழ்ல என்ன சொல்லுவே கண்ணு?"

"காரம்... அட, பிகாந்தே!"

சூடு, காரம், வெக்கைன்னு மூணையும் தனித்தனியா வெச்சிருக்கிற மொழியில வளர்ந்த புள்ள, எதுக்கு ஆங்கிலத்தைச் சுத்திக்கிட்டுப் போகணும்? இனிமே தமிழ்லேர்ந்தே நேரா ஸ்பானிஷுக்குப் போன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த செட்டுக்குக் கடைக்கார அண்ணன்கிட்ட, "காரம் கம்மியா"ன்னா.