லெந்துகால நாட்குறிப்பு: மறுநாளின் இரக்கம்

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான இந்த லெந்து காலத்தில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே கேட்டு வருகிறோம். கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டு ஆசாரியன் விலகிப் போனான், ஆலயப் பணி செய்யும் லேவியனும் விலகிப் போனான், யூதர் அந்நியனாக ஒதுக்கிய சமாரியனோ கண்டு மனதுருகினான் என்ற இடத்துக்கு வந்தவுடன் கதை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பிரசங்கங்களும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஆண்டவர் அங்கே நிறுத்தவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதையும், தன் வாகனத்தில் ஏற்றியதையும், சத்திரத்தில் வைத்துப் பராமரித்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, 35-ஆம் வசனத்தில் ‘மறுநாளிலே’ என்று தொடர்கிறார்.

மறுநாள் அந்தச் சமாரியன் தன் பிரயாணத்தைத் தொடர வேண்டியிருந்தது. அதற்காகக் காயப்பட்டவனைக் கைவிடவும் இல்லை. அவனருகிலேயே உட்கார்ந்து தன் வேலையை விட்டுவிடவும் இல்லை. இரண்டு பணத்தை, அதாவது இரண்டு வெள்ளிக்காசை, சத்திரக்காரனிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டான். திராட்சத்தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்படியானால் அவன் கொடுத்தது இரண்டு நாள் கூலி. கொடுத்த தொகையைவிட, மேற்கொண்டு ஆகும் செலவுக்கு அவன் எல்லை எதுவும் வைக்காமல் போனதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இரக்கம் நெஞ்சில் தோன்றுகிற ஒரு நொடியைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. அந்த இரக்கம் மறுநாளைக்கு என்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறது என்பதைத்தான் இந்த நாட்களில் தியானிக்க விரும்புகிறேன்.

13 மார்ச் 2025, வியாழன்

எங்கள் சபையின் நோயாளிகள் சந்திப்புக் குழுவோடு இன்று ஒரு வீட்டுக்குச் சென்றேன். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் ஒரு தாயாரை அவருடைய மகள் தனியாகவே கவனித்து வருகிறார். நாங்கள் வேதம் வாசித்து, பாடி, ஜெபித்து எழுந்தபோது அந்த மகள் வாசல் வரை வந்து, தயக்கத்தோடு ஒன்று சொன்னார்: “எல்லாரும் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போறீங்க அக்கா, மனசுக்கு ஆறுதலா இருக்கு. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க இன்னும் ரெண்டு கை இருந்தா, அது பெரிய உதவி.”

திரும்ப உள்ளே சென்றோம். ஒரு செவிலியர் தமக்குக் கற்றுக்கொடுத்திருந்ததை அவர் எங்களுக்குச் செய்து காட்டினார். தோளிலிருந்து தொடை வரை உடம்புக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து விரித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, போர்வையின் ஓரத்தை உடம்புக்கு மிக அருகில் வரும்வரை சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் விரிப்பில் உராய்ந்து தோல் கிழிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தபின் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் மற்றொன்றும் வைக்க வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதியில் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அந்தச் சிவப்பு மறையாமல் நின்றால், படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் இதைச் செய்ய வேண்டும்.

அந்த வீட்டில் எங்களுடைய ஜெபம் வீணாயிற்று என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாயாருடைய முதுகு இந்த வாரம் புண்ணாகாமல் இருப்பதும் எங்கள் ஜெபத்தின் பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

16 மார்ச் 2025, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு அந்த வீட்டின் நிலையைச் சபையில் அறிவித்தார்கள். உடனே ஏராளமானோர் பெயர் கொடுத்தார்கள். எல்லாருமே இந்த வாரமே வர ஆயத்தமாக இருந்தார்கள். அந்த உற்சாகத்தைப் பார்த்தபோது 1617-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷாட்டியோன் என்ற ஊரில் நடந்தது நினைவுக்கு வந்தது. வின்சென்ட் தெ பவுல் அங்கே பங்குக்குருவாக இருந்தார். ஒரு வீட்டில் எல்லாரும் நோயுற்று உதவியின்றிக் கிடக்கிறார்கள் என்று அவர் ஒரு ஞாயிறு திருப்பலியில் சொன்னதும், ஊரே உணவோடு அந்த வீட்டை நோக்கிப் புறப்பட்டது. வழியெங்கும் கூட்டம் கூட்டமாக மக்கள் போவதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். அதே வேளையில், இன்று ஒரேயடியாக வந்து சேரும் உணவில் பெரும்பகுதி கெட்டுப்போகும், அதன்பின் அந்தக் குடும்பம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதையும் கண்டார். மக்களுக்கு அன்பு இருந்தது, ஒழுங்குதான் இல்லை என்று உணர்ந்து, சில நாட்களுக்குள்ளாகவே அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். 1633-இல் லூயிஸ் தெ மரியாக் அம்மையாருடன் அவர் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபைக்கு வித்தாக அமைந்தது அந்தச் சங்கமே.

அந்தச் சங்கத்துக்காக அவர் எழுதிய விதிமுறைகளில் ஒன்று என் மனதைத் தொட்டது. நோயாளிகளைச் சந்திக்கப் போகிற பெண், முதலில் துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் போக வேண்டும். தனியாகக் கிடப்பவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவருடன் அதிக நேரம் இருக்க முடியும். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போதகர் தமது சபைக்கு எழுதித்தந்த ஒழுங்கில், தனிமையில் இருப்பவரின் ஒரு மணி நேரத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்கும் அட்டவணையும் அன்பை வறட்சியாக்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. அட்டவணை இல்லாத அன்பு, கொடுப்பவரின் வசதிக்கேற்பத்தான் வந்து போகும்.

மாலையில் எங்கள் பட்டியலையும் அவ்வாறே பிரித்தோம். இந்த வாரமே வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேரை ஏப்ரல் மாதத்துக்கு மாற்றினோம். சிலருக்கு அது சற்று வருத்தந்தான்.

22 மார்ச் 2025, சனி

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு கண் தெரியாதவன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்; அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் ஆண்டவர் கேட்கிறார்: நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்? உதவி பெறுகிறவனும் விருப்பம் உள்ளவன், தன் வாயால் அதைச் சொல்லத் தகுந்தவன் என்ற மரியாதையை அந்தக் கேள்வி அவனுக்குக் கொடுத்துவிடுகிறது.

அந்தத் தாயாருக்குப் பேச்சு வராது. கண்ணிமைத்து ஆம் என்றும், முகத்தைத் திருப்பி வேண்டாம் என்றும் சொல்வார். இன்று ஜன்னலைத் திறக்கலாமா, பாட்டுப் பாடலாமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விருப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். பாட்டு வேண்டாம் என்றார். பாடாமல் வந்தோம்.

30 மார்ச் 2025, ஞாயிறு

மகளைப் பற்றி இன்று எழுத வேண்டும். நோயாளியைப் பற்றி விசாரிக்காதவர் இல்லை. நோயாளியைக் கவனிப்பவரை விசாரிப்பவர்தான் குறைவு. அப்படியே விசாரித்தாலும், ‘உங்களைப் போல யார் செய்வார்கள், உங்கள் தியாகத்துக்குப் பலன் பரலோகத்தில் இருக்கிறது’ என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் அந்தப் புகழ்ச்சி அவருக்குக் கூடுதல் பாரமாகிவிடுகிறது; அதைக் கேட்டபின் ‘எனக்கு முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் எப்படி முடியும்?

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், ஊழியத்திலிருந்து திரும்பி வந்த அப்போஸ்தலர்களைப் பார்த்து, வனாந்தரமான ஓரிடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லாதிருந்தது என்று சுவிசேஷகர் காரணத்தையும் குறித்துவைக்கிறார். படகில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் கால்நடையாக ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கே வந்து நிற்கிறார்கள். ஆண்டவர் அவர்களைக் கண்டு, மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்தபடியால் மனதுருகுகிறார். ஓய்வெடுங்கள் என்ற கட்டளையும், ஓய்வு கிடைக்காமற்போன மனதுருக்கமும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிந்தையதை மட்டும் எடுத்துக்கொண்டு, களைத்துப் போகிறவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று நினைக்கும் வழக்கம் நமக்குள் இருக்கிறது. அது அந்தப் பகுதிக்கு நாம் செய்யும் அநியாயம். தன்னலமற்ற சேவை என்பது ஒருவர் மட்டும் எரிந்து தீர்வது என்றால், அவரைச் சூழ நிற்கும் சபைக்கு அங்கே என்ன வேலை?

வாரத்தில் ஓர் இரவு அந்த மகள் முழுமையாகத் தூங்கும்படி, இரவுப்பொழுதுக்கு இருவர் வீதம் தங்குவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம்.

5 ஏப்ரல் 2025, சனி

இந்தச் சந்திப்புகளைப் படம் எடுத்துச் சபையின் பக்கத்தில் பதியலாமே, மற்றவர்களும் உற்சாகமடைவார்கள் என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனம் கொடுப்பவரின் அடக்கத்துக்காக மட்டும் சொல்லப்பட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் மானத்தையும் அது காக்கிறது என்று அவரிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

பலனை எதிர்பாராத சேவை எப்படியிருக்கும் என்பதற்கு ஆதிச் சபையிலிருந்து ஒரு சாட்சியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு தமது கடிதத்தில், விசுவாசிகள் ஆபத்தைப் பாராமல் நோயாளிகளைப் பராமரித்து, அவர்களுடனேயே மரித்ததை எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில், கிறிஸ்தவத்தை வெறுத்து, பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்ற உரோமைப் பேரரசர் யூலியன், தமது பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நண்பர்கள் எழுதிய பாராட்டுகளைவிட, எதிராளியின் அந்த மனக்குறை எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுகிறது. உதவி பெற்ற ஏழைகள் சபையைச் சேர்ந்தவர்களா என்று யாரும் பார்க்கவில்லை. லூக்கா 17-இல் சுகம் பெற்ற குஷ்டரோகிகள் பத்துப் பேர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக வேதத்தில் எங்கும் இல்லை.

9 ஏப்ரல் 2025, புதன்

தாயாருக்கு வலி கூடியிருக்கிறது. மருத்துவர் குறித்துக்கொடுத்த நேரப்படி, வலி வருவதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். மரணத்தை நெருங்குகிற நோயாளிகளுக்கு இந்த முறையை வலியுறுத்தி நிலைநாட்டியவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், அதன்பின் மருத்துவம் படித்து, 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசத்தோடு அந்தப் பணியைச் செய்தவர். வலியால் துடித்து, கெஞ்சிக் கேட்டபின் மருந்து கொடுப்பது என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நேரம் தவறாமல் கொடுத்தால் நோயாளி வலியைக் குறித்த பயத்திலிருந்தும் விடுபடுகிறார் என்று காட்டினார். மருந்து கொடுக்க வேண்டிய நேரங்களைக் கடிகாரத்துக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

இன்று யோவான் 13. ஆண்டவர் துடைக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிறார். யூதாஸ் எழுந்து வெளியே போவது அதற்குப் பிறகுதான் என்பதால், காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கால்களும் அந்தத் தண்ணீரில் கழுவப்பட்டன.

கி.பி. 368-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம் நேர்ந்தபோது, செசரியா நகரின் குருவான பசீலியார் தமது பேச்சால் செல்வந்தர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்து, பசித்தவர்களை ஒன்றுகூட்டித் தாமே பரிமாறினார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் அதை நினைவுகூரும்போது இந்தக் கால்கழுவுதலோடுதான் ஒப்பிடுகிறார். பஞ்சம் தீர்ந்தபின் பசீலியார் ஓய்ந்துவிடவில்லை; நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் குஷ்டரோகிகளுக்கும் இல்லங்களைக் கட்டி, மருத்துவர்களையும் பராமரிப்பவர்களையும் அமர்த்தினார். அதைப் புதியதொரு நகரம் என்றே கிரகோரியார் வர்ணித்தார். முன்னோக்கி யோசித்த இரக்கம் என்று நான் சொல்லத் தேடியது இதைத்தான்.

ஆனால் இன்றைய வாசிப்பில் என்னை நிறுத்தியது பேதுருவின் மறுப்பு. ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்கிறான். சேவை செய்வதைவிடச் சேவையைப் பெற்றுக்கொள்வது சிலருக்குக் கடினம். தம் வாழ்நாளெல்லாம் பிறருக்குச் செய்தே பழகிய அந்தத் தாயார், முதல் நாட்களில் நாங்கள் தொடும்போது கண்களை மூடிக்கொள்வார். இப்போது திறந்தபடி எங்களையே பார்க்கிறார். அதற்கு அவர் எவ்வளவு தாழ்மையைக் கற்க வேண்டியிருந்தது என்பதை, ஆரோக்கியமான எங்களால் அளவிட முடியாது.

24 ஏப்ரல் 2025, வியாழன்

உயிர்த்தெழுந்த ஞாயிறு முடிந்தது. லெந்து காலத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் இந்த வாரத்தில்தான் மெல்லத் தளரத் தொடங்கும். ஹவாயின் மொலோக்காய் தீவுக்குத் தொழுநோயாளிகளுக்காக 1873-இல் சென்று, அந்த நோயையே ஏற்று, 1889-இல் மரித்த தாமியான் அடிகளாரை உலகம் அறியும். அவர் மரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே தீவுக்கு வந்த மரியான் கோப் என்ற அருள்சகோதரியை அறிந்தவர்கள் குறைவு. அவர் 1918-இல் தாம் மரிக்கும்வரை அங்கேயே தங்கிப் பணி செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு அருகான அந்த உழைப்பில் பரபரப்பாகச் சொல்ல நிகழ்ச்சிகள் அதிகம் இருக்காது. காயம் கட்டியதும், துணி தைத்ததும், பெண் பிள்ளைகளை வளர்த்ததுமே இருக்கும்.

இன்று மாலை குழு கூடி ஆகஸ்டு வரைக்குமான முறைப்பட்டியலைத் தயாரித்தது. இரவில் தங்குவதற்கு மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். போர்வையைச் சுருட்டிப் பிடிப்பது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, சனிக்கிழமை காலையில் அந்த மகளே நேரம் ஒதுக்கியிருக்கிறார். கூட்டம் முடியும்போது அவர் தொலைபேசியில் ஒரு வேண்டுகோளும் வைத்தார்: புதன்கிழமை பிற்பகல்களில் மூன்று மணி நேரம் தாம் வெளியே போய்வர வேண்டும், எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. பட்டியலில் அந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்துவிட்டோம்.