இல்லாத மலையும் ங்காமி ஏரியும்

மும்பை சோர் பஜாரில் வாங்கிய ஆப்பிரிக்க வரைபடத்துக்கு ஒருவழியாக வயது தெரிந்துவிட்டது. முன்பு சட்டம் போட்டவர் யாரோ, கண்ணாடிக்குள் அடக்குவதற்காக நான்கு ஓரங்களையும் வெட்டியிருந்தார். பதிப்பாளர் பெயரும் ஆண்டும் அதோடு போயின. அந்தக் கத்தரிக்கோலை நினைத்தால் வயிறு எரிகிறது.

அசல் என்பதில் ஐயமில்லை. லென்ஸில் பார்த்தால் இக்கால ஆஃப்செட் அச்சு விட்டுச்செல்லும் நுண்புள்ளிகள் கிடையாது. எல்லைக்கோட்டின் இளஞ்சிவப்பு கையால் பூசியது. ஆண்டுதான் இழுத்தடித்தது.

மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே கம்பளிப்பூச்சிபோல கோங் மலைத்தொடர் கிடக்கிறது. அப்படி ஒரு மலையே இல்லை. 1798இல் ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல் வரைந்ததை 1889இல்தான் பிரெஞ்சு அதிகாரி பிங்கர் நேரில் நடந்துபார்த்துப் பொய்யாக்கினார். வங்காளத்தை அளந்து வரைந்த அதே ரென்னல்! நைஜர் ஆறு கிழக்கே ஓடி உள்நாட்டில் வற்றுகிறது என்று நம்பியவருக்கு, தெற்கே அதை மறிக்க ஒரு சுவர் தேவைப்பட்டது. என் தாளில் நைஜர் கினி வளைகுடாவில் கலக்கிறது. ஆய்வுப்பயணிகளான லாண்டர் சகோதரர்கள் அதை நிறுவியது 1830இல். சுவருக்கு வேலை போனபின்னும் சுவர் நிற்கிறது.

விக்டோரியா ஏரி இல்லை. ஆங்கிலேய ஆய்வுப்பயணி ஸ்பீக் அதைக் கண்டது 1858. ஆனால் இல்லாததை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. வரைபடம் செதுக்கிய பழைய அச்சுத் தகட்டைத் திருத்தாமலே அச்சிட்டு விற்ற பதிப்பாளர்கள் ஏராளம். முடிச்சை அவிழ்த்தது தெற்கிலுள்ள ங்காமி ஏரி. ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டன் அங்கே போனது 1849. லென்ஸில் பார்த்தால் அந்தப் பெயரின் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, பக்கத்து எழுத்துகளோ தேய்ந்து மங்கியிருக்கின்றன. பழைய தகட்டில் பிறகு செதுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். இத்தனை சின்ன ஏரிக்காகத் தகட்டில் கைவைத்தவர் விக்டோரியா அப்போது தெரிந்திருந்தால் அதை விட்டிருக்கமாட்டார். ஆகவே 1850களின் அச்சு என்பது என் முடிவு. மறுப்பவர்கள் லென்ஸோடு மாட்டுங்காவுக்கு வரலாம்.

சோர் பஜாரின் மட்டன் தெருவில் தேடுபவர்களுக்கு ஒன்று: சட்டம் போட்டதை வாங்காதீர்கள். சட்டத்துக்கும் சேர்த்து விலை, பின்புறத்தையும் பார்க்க முடியாது. என் தாளின் முதுகில் செல்லோ டேப் பழுப்பேறி ஒட்டியிருப்பது வீட்டுக்கு வந்து பிரித்தபிறகே தெரிந்தது. மழைக்கால ஈரத்தில் அதைத் தொடப்போவதில்லை. அதற்குள் நைஜர் வற்றிப்போகும் பழைய தாள் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். ரென்னல் பெயர் கேட்டதும் கடைக்காரர் விலையை இரட்டிப்பாக்கிவிட்டார்.