தயிர்சாதத்தில் கலந்த மாத்திரை

"சோத்துல என்னமோ கலக்குறீங்க" என்று தம்பி முதன்முதலில் சொன்னபோது நாங்கள் எதையும் கலக்கவில்லை. சில மாதம் கழித்துக் கலந்தோம்.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். சம்பா நடவு முடிந்திருந்த நேரம். தம்பிக்கு 23 வயது. பக்கத்து வயலில் மோட்டார் ஓடினால், அந்தச் சத்தத்துக்குள் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். மோட்டாரை நிறுத்தியும் பேச்சு நிற்கவில்லை. ராத்திரியெல்லாம் கொல்லைக் கதவில் காதை வைத்தபடி நிற்பான். அப்பா திட்டினார். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினால் தெளியும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அம்மா அவனோடு போய்த் தங்கினாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அதைச் சொல்லி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டதில்தான் வருத்தம். சாமியும் கும்பிடலாம், மாத்திரையும் போடலாம்.

அப்புறம் தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவன் தொடவே இல்லை. சாதத்தில் கலந்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். அம்மா கரண்டிக் காம்பால் நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தாள். நாலாம் நாள் தட்டின் ஓரத்தில் கரையாத ஒரு துணுக்கை விரலில் எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு பதினோரு நாள், தானே உரித்த வாழைப்பழமும் தானே அவித்த முட்டையும்தான்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அது பிடிவாதம் இல்லம்மா. தனக்கு நோய் இருக்குங்கறதே தெரியாமப் போறதும் இந்த நோயில உண்டு" என்றார். குரல் அவனுக்கு நிஜமாகவே கேட்கிறது, அவன் மூளைதான் அதை உண்டாக்குகிறது. அதனால் இல்லை என்று சண்டை போடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம், பயத்தைக் கேளுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு அது கேக்கலடா. உனக்குக் கேக்குதுன்னு நம்புறேன். ரொம்பப் பயமா இருக்கா?" என்றேன். அழுதான். சாதத்தில் கலந்தது என் யோசனை, செய்தது தப்பு என்றும் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது பொய்யில்லைல்லக்கா?"

"அன்னிக்கு நீ பார்த்தது பொய்யில்லடா."

அடுத்த வாரம் மாத்திரை அட்டையை அவனே கேட்டு வாங்கி, பிரித்துப் போட்டுக்கொண்டான். முதலில் தூக்கம் வந்தது. குரல் தணியப் பல வாரம் ஆனது. பொங்கல் சமயத்தில், "அதான் நல்லாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்தினான். மாசியில் மறுபடி கதவோரம் நின்றான். இப்போது நிறுத்துவதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண் அது. காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்றைக்கும் சில நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அம்மா எதுவும் கேட்காமல் அதிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை அவன் பக்கம் தள்ளி வைப்பாள்.