20 கிலோ பாப்பாவுக்கு வேக்சர்ஃப் போர்டு: தேடுனது, மாத்துனது, அவ எந்திரிச்சு நின்னது

நாங்க சேலம், அஸ்தம்பட்டி பக்கம். எங்கண்ணன் டெக்சாஸ்ல ஆஸ்டின்ல இருக்காரு, அங்க லேக் ட்ராவிஸ்னு அணை கட்டித் தேக்குன பெரிய ஏரி ஒண்ணு இருக்கு, நம்ம மேட்டூர் மாதிரினு வச்சுக்கங்க. போன வருஷம் அவரு வீடியோ கால்ல போட்டுக்குப் பின்னாடி எழும்புற அலை மேல ஒரு சின்னப் பையன் கயிறே பிடிக்காம பலகை மேல நின்னுட்டு வர்றதக் காமிச்சாரு, இதுக்குப் பேருதான் வேக்சர்ஃப், அன்னையிலருந்து எங்க பாப்பா "மாமா, நானும்"னு ஒரே பேச்சு. அவளுக்கு 7 வயசு, 20 கிலோ, உயரம் 118 செமீ. இந்த லீவுக்கு அங்க போறதுன்னு முடிவானதும் போர்டு தேட ஆரம்பிச்சோம், அந்தக் கதைய எழுதி வைக்கிறேன், சின்னப் புள்ளைங்கள வச்சுட்டு தேடுறவங்களுக்கு உதவட்டும்.

இவங்கப்பா முதல்ல கேட்டது, மேட்டூர்ல இவ்ளோ தண்ணி கெடக்குதே, இங்கயே பண்ண முடியாதான்னு. தண்ணி இருந்தா மட்டும் பத்தாது, விஷயமே போட்லதான் இருக்கு. இதுக்குன்னே இருக்குற போட்ல ப்ரொப்பெல்லர் அடிப்பக்கம் உள்ள தள்ளி இருக்கும், டேங்க்ல தண்ணி ரொப்பி போட்ட கனமாக்கி அமுக்குவாங்க, அப்பதான் பின்னாடி அலை எழும்பும். பின்னாடி மோட்டார் தொங்குற சாதா போட்டுக்குப் பின்னாடி இதைப் பண்ணவே கூடாது, ஏன்னா சர்ஃப் பண்றவங்க போட்டுக்கு ரொம்பக் கிட்டத்துல வருவாங்க, விழுந்தா ப்ரொப்பெல்லர் பக்கத்துலயே விழுவாங்க. ஏற்காடு போனப்ப ஏரியில மோட்டார் போட் போறதப் பாத்துட்டு "இதுல அலையே வரலையேம்மா"ன்னு அவளே சொன்னா, அப்ப அவளுக்கும் வெளங்கிருச்சு.

இப்ப போர்டு. நம்ம ஊர்ல பாவாடை எடுத்தாலும் செருப்பு எடுத்தாலும் வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுன்னுதான சொல்வோம், நானும் அதே கணக்குலதான் இருந்தேன். அண்ணனோட ஃப்ரெண்டு ஒருத்தர் 5 அடி 2 அங்குல போர்டு சும்மாவே தர்றேன்னாரு, 12 வயசு வரைக்கும் ஓடும்னு எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய போர்டு நல்லா மிதக்கும், அதனால ஈஸின்னு சொல்றது பெரியவங்களுக்கு நெசம்தான். ஆனா 20 கிலோ புள்ளைக்கு 4 அடி போர்டே தாராளமா மிதக்குது, அதுக்கு மேல வர்ற நீளம் பூரா அவளுக்கு சுமை. ஏன்னா ஆரம்பிக்குறப்ப போட்லருந்து வர்ற கயித்தப் பிடிச்சுக்கிட்டு தண்ணியில மல்லாக்க மிதந்துட்டு ரெண்டு குதிகாலையும் போர்டு ஓரத்துல வச்சு அமுக்கணும், போட் இழுக்கும்போது போர்டு அப்படியே நிமிந்து உள்ளங்காலுக்கு அடியில வந்து ஒட்டணும். அந்த அமுக்குற பலம் புள்ளைக்கு இருக்கணும்ல. இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, அங்க போயி ரெண்டு நாள் அவ அழுததப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதுக்கு முன்னாடி இங்க வீட்டுல பண்ணதையும் சொல்லிடறேன். எந்தக் கால் முன்னாடி வரும்னு பாக்க, சாக்ஸ் போட்டு டைல்ஸ்ல ஓடி வந்து சறுக்கச் சொன்னோம், பத்துக்கு எட்டு தடவை வலது கால்தான் முன்னாடி வந்துச்சு. இடது கால் முன்னாடி வச்சா ரெகுலர், வலது கால்னா கூஃபி. கூஃபிக்கு போட்டோட வலப்பக்க அலைதான் சவுகரியம், அலையப் பாத்த மாதிரி நிக்கலாம். இது முன்னாடியே தெரிஞ்சா எந்தப் பக்கம் அலை போடணும்னு போட் ஓட்டுறவங்ககிட்ட சொல்லிடலாம்.

செவ்வாப்பேட்டையில 18 எம்எம் ப்ளைவுட் துண்டு ஒண்ணு வாங்கி, ரெண்டரை அடிக்கு ஒரு அடி அறுத்து, கீழ பிவிசி பைப் வச்சு பேலன்ஸ் போர்டு செஞ்சோம். முதல்ல 4 இஞ்ச் பைப், அது அவளுக்கு உயரம் ஜாஸ்தி, பைப் வெளிய உருண்டு அவ பொத்துனு உக்காந்துட்டா, நல்லவேளை அடி படல. அப்புறம் 75 எம்எம் பைப் மாத்தி, பலகைக்கு அடியில ரெண்டு ஓரத்துலயும் ரீப்பர் துண்டு வச்சு ஸ்க்ரூ போட்டோம், பைப் அதுக்கு மேல போகாது. ஜமுக்காளத்து மேல வச்சு தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம். மூணு வாரத்துல முட்டியை மடக்கி நிக்க வந்துருச்சு, கூடவே தட்டுவடை செட் சாப்பிட்டுக்கிட்டே நிக்குற அளவுக்கு.

அங்க போயி முதல் ரெண்டு நாள் அந்த 5 அடி 2 அங்குலம். போர்டு அவ காலுக்கு அடங்கவே இல்ல, ஒரு பக்கம் நிமிந்தா இன்னொரு பக்கம் திரும்பிக்கும், ஒரு தடவை திரும்பி வந்து அவ தாடையில இடிச்சுருச்சு. அதோட அது ஸ்கிம் டைப் போர்டு வேற, மெல்லிசு, அடியில துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்குற ஃபின்னும் சின்னது, சுத்தி விளையாடத் தெரிஞ்சவங்களுக்கானது, கத்துக்கற புள்ளைக்கு காலுக்கடியில வழுக்கிட்டே போகும். கத்துக்கறவங்களுக்கு சர்ஃப் டைப்தான், கொஞ்சம் தடிமனா, ஃபின் பெருசா, நேரா போகும்.

மூணாவது நாள் கடைக்குப் போயி 3 அடி 10 அங்குலத்துல சர்ஃப் டைப் ஒண்ணு எடுத்தோம், நிக்க வச்சா கிட்டத்தட்ட அவ உயரம். மேல முழுக்க மெத்துனு ஃபோம் பேட், பிடிமானத்துக்கு வேக்ஸ் (மெழுகு) தேய்க்க வேணாம், காலும் வழுக்காது, மேல விழுந்தாலும் அவ்ளோ வலிக்காது. மூக்கு உருண்டையா, கூரா இல்லாம. ஃபின் ஓரத்த விரல்ல தடவிப் பாத்துதான் வாங்குனேன், நீங்களும் பாருங்க, சில ஃபின் கத்தி மாதிரி இருக்கு. அகலம் நல்லா இருக்கணும், நீளத்துல கொறைச்சுக்கலாம், அகலத்துல கொறைக்காதீங்க. போர்டைக் கால்ல கட்டுற லீஷ் கயிறு இதுக்கு வேணாம், கட்டியிருந்தா விழும்போது போர்டு சுண்டி மேலயே வரும்.

போர்ட விட முக்கியம் லைஃப் ஜாக்கெட். அங்க சைஸ் எடைய வச்சுதான், 30லருந்து 50 பவுண்டுன்னு போட்டது இவளுக்கு, அதாவது சுமாரா 14லருந்து 23 கிலோ. தோள்பட்டையப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது லூசு. இதுலயும் வளர்ற புள்ளைங்கிற கணக்கு வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, இஞ்சின் ஓடும்போது போட் பின்னாடி பலகையில புள்ளைய உக்கார விடாதீங்க, புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதுக்கு வாசனையே கிடையாது, அமைதியா மயக்கிரும். கயித்த கையில சுத்திக்கக் கூடாதுன்னும் தினமும் சொன்னேன்.

நாலாவது நாள் காலையில காத்தே இல்ல. அண்ணன் தண்ணியில இறங்கி அவ முதுகத் தாங்கிட்டு, "குத்த வச்சு உக்காரு சாமி, நீ எந்திரிக்காத, கையையும் இழுக்காத, போட்டே உன்னையத் தூக்கி விடும்"னாரு. அது வரைக்கும் இங்கிலீஷ்ல எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க, இந்த ஒரு வார்த்தையில அவளுக்குப் பிடிபட்டுச்சு. பெரியவங்களுக்கு மணிக்கு 10, 11 மைல்ல ஓட்டுவாங்க, அவளுக்கு 9தான், ரொம்ப மெதுவா இழுத்தாங்க. ரெண்டு தடவை கவுந்தா. மூணாவது தடவை போர்டு அப்படியே கால்ல ஒட்டி வந்துச்சு, குத்த வச்சபடியே வந்தா, அப்புறம் மெல்ல நிமிந்தா. நான் எண்ணுனேன், 6 செகண்ட். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, வீடியோ எடுத்தது பாதி வானம்தான் இருக்கு.

கிளம்புற வரைக்கும் இன்னும் அஞ்சு தடவை போனா, அதிகபட்சம் 40 செகண்ட், எல்லாமே கயிறு பிடிச்சுதான். கயித்த விடணும்னா முன்னங்கால்ல எடைய ஏத்தி அலையோட சரிவுல இருக்கணும், அவ பயத்துல பின்னங்கால்லயே சாஞ்சுக்கறா, அலை பின்னாடி விட்டுருது. அதனால இப்ப வீட்டு பேலன்ஸ் போர்டுல முன்னங்காலுக்கு நேரா சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டிருக்கேன், அந்தப் பக்கம் சாய்ச்சு பத்து எண்ணி நிக்கணும். நேத்து ஏழு வரைக்கும் வந்தா. போர்டு மாமா வீட்டு கராஜ்ல இருக்கு.